சுளுக்கு

மார்க்கா. பத்துக்கு எத்தனன்னு கட்டம் போட்டுக் கொண்டாந்திருக்கீகளே தம்பி, இத யாரு போட்டுக் குடுத்தா. மன உறுதிக்கு ஒரு கட்டம், தலைமைப் பண்புக்கு ஒரு கட்டம். இந்தப் பக்கம் பாண்டிமீனா, அந்தப் பக்கம் சுகிர்தா. ரெண்டு பிள்ளைகளும் என்ன சந்தைக்கு வந்த மாடா, பல்லப் பிடிச்சுப் பாத்து, சுளி பாத்து எளுதுறதுக்கு.

உங்களச் சொல்லல. பிரஸ்ஸுல சொல்லி விட்டத நீங்க செய்றீக. காலேஜுக்கு வெள்ளி விளா, மலர் அடிக்கணும், பாஸ்கெட்பாலுக்கு ரெண்டு பக்கம் ஒதுக்கியாச்சு, அதுல எங்க ஊரு இரும்புப் பெண்ணுன்னு தலைப்பும் வச்சாச்சு. அம்புட்டையும் முடிவு பண்ணிட்டுத்தான் என்கிட்ட அனுப்புறாக. உக்காருங்க விக்னேஷ்வரன். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதுல உக்காருங்க.

பேரு செல்லக்கனின்னு போட்டாப் போதும். உடற்கல்வி இயக்குநர்னு நீளமா வேண்டாம். பிள்ளைகளுக்கு நான் பி.டி. மேடம், அவ்ளோதான்.

இது அந்தப் போட்டோவா. வேண்டாம், எனக்குக் காட்டாதீக, உள்ள வைங்க. எத்தன தடவ பாக்கிறது. போன வருசம் காலேஜ் காலண்டர்ல மார்ச் மாசத்துக்கு இதத்தான் போட்டாக. மொளங்கால்ல பிளாஸ்திரியச் சுத்திக்கிட்டு, பல்லக் கடிச்சுக்கிட்டு, தரையில கை ஊணி எந்திரிக்கிறா பாருங்க, அதப் பாத்து ஆகா ஓகோன்னாக. எனக்கு அந்த மாசம் முளுக்க காலண்டரத் திருப்பி வச்சுத்தான் வேல. பாத்தாக் கொமட்டுது. அந்தப் பிள்ளையப் பாத்து இல்ல தம்பி. அதப் பாத்துக் கை தட்டினவுகள நெனச்சு.

பாயிண்ட் கார்டுன்னா என்னன்னு தெரியுமா. தெரியாதுன்னு சொல்லுங்க, தப்பில்ல. முன்னால பேட்டி எடுக்க வந்தவுகளுக்கும் தெரியாது, தெரிஞ்ச மாதிரி எளுதிட்டுப் போனாக. கோர்ட்டுல நம்ம பக்கம் அஞ்சு பேரு. அதுல பாலத் தட்டிக்கிட்டு முன்னால கொண்டு போறவ அவ. கல்யாண வீட்டுப் பந்தியில ஒருத்தர் நிப்பாக பாருங்க, கையில கரண்டி இருக்காது, ஆனா எந்த எலைக்கு என்ன வரலன்னு அவுகளுக்குத்தான் தெரியும். அந்தாளு மாதிரி. தான் கூடையில போடுறது பெறகு. யாரு எங்கன நிக்கணும், யாரு கைக்கு எப்பப் பால் போகணும், அம்புட்டும் அவ தலைக்குள்ள ஓடணும்.

ஒரு டீமுக்கு அப்பிடி ஒருத்தி அமையிறதே பெரும்பாடு. எனக்கு அந்த வருசம் ரெண்டு பேரு.

பாண்டிமீனா ரெண்டாம் வருசம். அச்சங்குளம். அவுக அம்மா கருப்பம்மா பட்டாசுக் கம்பெனிக்குப் போறவுக, காலையில ஆறு மணிக்கு வேன் ஏறணும். லீவு விட்டா இவளும் அம்மா கூடப் போயி டப்பா ஒட்டுவா. ஆளு அஞ்சடி ஒண்ணு. பாலத் தட்டுனா மொளங்காலுக்கு மேல எந்திரிக்காது, அம்புட்டுத் தாள்வா போகும். எதிர்ல ஆறடிப் பிள்ள நின்னாலும் நெஞ்சக் குடுத்து உள்ள போவா. கீள விளுவா, செராச்சுக்கிட்டு எந்திரிப்பா, தொடச்சுக்கிட்டு ஓடுவா. பதினோரு பாயிண்ட் பின்தங்கிக் கெடந்த மேட்ச ஒத்தையா இளுத்துக்கிட்டு வந்து ஜெயிச்சிருக்கா. ஆனா வாயி. கூட ஆடுறவ ரெண்டு தடவ தப்பு விட்டாப் போதும், பால என்கிட்ட குடு, நீ சும்மா நில்லுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிருவா. அளுக வச்சிருக்கா பிள்ளைகள.

சுகிர்தா மூணாம் வருசம், கேப்டன். சிவகாசியில பட்டாசுக் கம்பெனி வச்சிருக்க மணிகண்டராஜ் பொண்ணு. கார்ல வந்து எறங்குவா. அது ஒண்ணு போதுமே நம்ம ஆளுகளுக்கு. கார்ல வாரவளுக்கு எங்கன இருந்து வீம்பு வரும்னு ஸ்டாஃப் ரூம்ல பேச்சு. அவளும் அதுக்கேத்த மாதிரி, கணுக்கால் வலிச்சா மேடம் வலிக்குது, மாத்துங்கன்னு கை தூக்கிருவா. மூச்சு வாங்குனா மாத்துங்கம்பா. நானே பல தடவ திட்டியிருக்கேன். என்ன புள்ள, ஐஸ் பெட்டியில வச்சு வளத்தாகளான்னு.

ஆனா அவ வேற ஒரு காரியம் பண்ணுவா. மூணு தடவ கூடையத் தவற விட்ட பிள்ளைக்கே நாலாவது பாலையும் குடுப்பா. நான் வெளிய நின்னு கத்துவேன், ஏன் அவளுக்குக் குடுக்கன்னு. இப்பக் குடுக்கலன்னா அவ இனிமே கேக்கவே மாட்டா மேடம்பா. எவ காலையில சாப்பிடாம வந்திருக்கா, எவளுக்கு வயித்து வலி, எவ வீட்டுல சண்ட, எல்லாம் தெரியும் அவளுக்கு. பாண்டிமீனா வாயால அளுத பிள்ளைகள இவதான் தண்ணித் தொட்டிப் பக்கம் கூட்டிட்டுப் போயி சமாதானம் பண்ணிக் கொண்டாருவா. பாண்டிமீனாவுக்கும் அவதான் சொல்லிக் குடுத்தா, எடது கையில தட்டுறதுக்கு. தன்னோட எடத்துக்கு வரப் போறவளுக்கு எவளாவது சொல்லிக் குடுப்பாளா.

இதுக்கு உங்க கட்டத்துல எடம் இருக்கா. இருக்காது.

நம்ம ஊரு கணக்கு ரொம்ப லேசு தம்பி. ரத்தம் வந்துச்சா, தைரியசாலி. வலிக்குதுன்னு சொன்னாளா, கோளை. அதுலயும் இல்லாத வீட்டுப் பிள்ள வலியப் பொறுத்துக்கிட்டா எல்லாருக்கும் அப்பிடி ஒரு சந்தோசம். பொறுக்கத்தான அவளப் பெத்துப் போட்டிருக்குன்னு நெனப்பு. இந்த நெனப்பு இருக்கே, இதப் போல அசிங்கம் ஒண்ணு கெடையாது.

சரி, மேட்சச் சொல்றேன்.

யூனிவர்சிட்டி காலேஜுகளுக்குள்ள நடக்குற போட்டி. பத்தொம்பது வருசத்துல நாங்க செமி ஃபைனலத் தாண்டினதில்ல. அந்த வருசம் தாண்டினோம். திங்கக்கிளம செமி ஃபைனல். கடைசி நிமிசத்துல பாண்டிமீனா எம்பிக் குதிச்சு வாரப்ப எதிர் டீம் பிள்ள காலு மேல கால வச்சுட்டா. மொளங்காலு திரும்பிருச்சு. மேட்ச் முடிஞ்சப்ப கால் இட்லிக் கொப்பரை மாதிரி வீங்கிருச்சு. மறுநா ஸ்கேன் எடுக்கக் கூட்டிட்டுப் போனோம், சுகிர்தா வீட்டுக் கார்லதான். சுளுக்குன்னு ஆச்சு. நாலு நாள் ஐஸ் வச்சு, இறுக்கிக் கட்டி, சனிக்கிளம எறக்கியாச்சு.

அந்த நாலு நாள்ல இன்னொண்ணும் நடந்துச்சு. வியாளக்கிளமையில இருந்து பாண்டிமீனா சுகிர்தாகிட்டப் பேசல. பாண்டிமீனாவோட ஆஸ்டல் ரூம்ல ஒண்ணா உக்காந்து முறுக்குத் திங்கிற பிள்ளைக, மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத் திரிஞ்சாக. எடத்துக்குப் போட்டின்னு எல்லாரும் பேசிக்கிட்டாக.

சனிக்கிளம நம்ம கிரவுண்டுலயே ஃபைனல். மதுர டீம். கூட்டம்னா கூட்டம். முன் வரிசையில காலேஜ் செக்ரட்டரி சங்கரலிங்கம் ஐயா, சோபா போட்டு. ரெண்டு பேரையும் சேத்தே எறக்கினேன். மொத ரெண்டு குவார்ட்டரும் சரிக்குச் சரி போச்சு. மூணாவது குவார்ட்டர் ஆரம்பிச்சு ரெண்டு நிமிசம், பாண்டிமீனா திரும்பும்போது கால் மடங்கி விளுந்தா. அப்ப எடுத்ததுதான் உங்க போட்டோ. எந்திரிச்சுட்டா. கூட்டம் எந்திரிச்சு நின்னு கத்துது, விசில் அடிக்காக. செக்ரட்டரியும் எந்திரிச்சுக் கை தட்டுறாக.

சுகிர்தா பெஞ்சுக்கு ஓடி வந்தா. மேடம், அவள வெளிய எடுங்கன்னா. போயி ஆடுன்னேன். மேடம் ப்ளீஸ், எடுங்கன்னா. நான் அவ மூஞ்சியப் பாக்கல. ஸ்கோர் போர்டப் பாத்துக்கிட்டே போன்னு சொன்னேன்.

போனா. பால் அவ கைக்கு வந்துச்சு. நடுக்கோட்டத் தாண்டி வந்து நின்ன எடத்துலயே தட்டிக்கிட்டு இருக்கா. யாருக்கும் குடுக்கல. இருபத்துநாலு செகண்டுக்குள்ள கூடைக்கு எறிஞ்சாகணும், இல்லன்னா பால் எதிர் டீமுக்குப் போயிரும். மணி அடிச்சிருச்சு. அடுத்த தடவையும் அதே. கூட்டத்துல கூச்சல். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கே ஒண்ணும் வெளங்கல. மூணாவது தடவ பால் வந்துச்சு. நடு வட்டத்துக்கு வந்தா, பாலத் தரையில வச்சா, பக்கத்துல சம்மணம் போட்டு உக்காந்துட்டா.

ஆமா, மேட்சுக்கு நடுவுல. சாப்பாட்டுக்கு உக்காருற மாதிரி.

மதுரப் பிள்ள ஒண்ணு தயங்கித் தயங்கி வந்து பால எடுத்துக்கிட்டுப் போயி கூடையில போட்டுட்டு வந்துருச்சு. பெறகுதான் ரெஃப்ரிக்கே சுய நெனவு வந்து விசில் ஊதினாரு. டெக்னிக்கல் ஃபவுல். கூட்டம் தண்ணிப் பாட்டில எறியுது. பணக்காரத் திமிருன்னு ஒருத்தன் கத்துறான். சுகிர்தா அங்கன உக்காந்தபடியே என்னையப் பாத்துக்கிட்டு இருக்கா, வேற யாரையும் பாக்கல.

நான் மாத்தினேன் தம்பி. பாண்டிமீனாவ இல்ல. சுகிர்தாவ.

மூணே நிமிசம். பாண்டிமீனா பாலோட உள்ள பாஞ்சா, கால ஊணித் திரும்பினா. காஞ்ச வெறகு முறியிற மாதிரி ஒரு சத்தம். அம்புட்டுக் கூச்சல்லயும் பெஞ்சுக்குக் கேட்டுச்சு. அவ கத்தக்கூட இல்ல. விளுந்து கெடந்துக்கிட்டு, மேடம், ஒரு நிமிசம் இருங்க, எந்திரிச்சிருவேன்னு சொல்றா. ஒம்போது பாயிண்டுல தோத்தோம்.

மதுர பெரியாஸ்பத்திரியில ஆப்பரேசன். ஆனா பெறகு அவ ஆடல. காலச் சாச்சுச் சாச்சுத்தான் நட. படிப்ப எப்பிடியோ முடிச்சா. போலீஸ் வேலைக்குப் போகணும்னு கெடந்தவ, ஓட்டத்துக்கே நிக்க முடியாதே. இப்ப சிவகாசியில காலண்டர் கம்பெனியில இருக்கா. ரொம்ப நேரம் நிக்க ஏலாதுன்னு உக்காந்து எண்ணிக் கட்டுற வேல குடுத்திருக்காக. சீசன் நேரத்துல அச்சு வேலையா அங்கன போறப்ப நீங்களே பாத்திருப்பீக.

இங்கன மேடைக்கு மேட அவளப் பத்திப் பேச்சுதான். புதுசாச் சேருற பிள்ளைகளுக்கு மொத நாள் செக்ரட்டரி சொல்லுவாக, மொளங்காலு போனாலும் மனசு போகாத பாண்டிமீனா படிச்ச காலேஜு இதுன்னு. அப்பத்தான் எந்திரிச்சு வெளிய போயிருவேன். தண்ணி குடிக்கிற சாக்குல.

சுகிர்தாவுக்கா. டீம விட்டு எடுத்தாக. கேப்டன் பேர வெட்டினாக, சர்ட்டிபிகேட் குடுக்கல. பொறாமையில தோக்கடிச்சுட்டா, மதுரக்காரக கிட்ட வாங்கிட்டா, என்னென்னவோ சொன்னாக. அவுக அப்பா ஒரு மாசம் கடைவீதிப் பக்கம் தல காட்டல. பாண்டிமீனா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப இவ பாக்கப் போயிருக்கா, கருப்பம்மா வாசல்லயே நிறுத்தி, என் மக கப்ப எடுத்திருப்பா, நீதான கெடுத்தன்னு சொல்லி அனுப்பிட்டாக. அவுகளுக்கு அம்புட்டுத்தான தெரியும்.

இப்ப சாத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கா. ரெண்டு வருசத்துக்கு முன்னால ஒரு போட்டிக்கு நான் ரெஃப்ரியாப் போயிருந்தேன். அவ டீம்ல நல்லா ஆடுற பிள்ள ஒண்ணு லேசாத்தான் நொண்டுச்சு. ஒடனே எடுத்துட்டா. அந்தப் பிள்ள அளுகுது, நான் ஆடுவேன் மிஸ்ஸுன்னு. ஐஸ்கட்டிய வச்சுவிட்டு, பக்கத்துலயே உக்காந்துக்கிட்டா. அந்த மேட்சத் தோத்தாக. அந்தப் பிள்ள சாயங்காலம் பஸ்ஸுக்கு ஓடிப் போயி ஏறுச்சு. நான் பாத்துக்கிட்டு நின்னேன்.

என்ன கேட்டீக.

சுகிர்தா ஏன் உக்காந்தான்னா.

ஆறு வருசத்துல இத யாரும் என்கிட்டக் கேக்கல தம்பி. திமிருன்னாக, பொறாமன்னாக, ஏன்னு ஒருத்தரும் கேக்கல. கேட்டிருந்தாலும் பொய்தான் சொல்லியிருப்பேன்.

சுளுக்குன்னு டாக்டர் சொல்லல. நான் சொன்னேன்.

ஸ்கேன் எடுத்துட்டு பாண்டிமீனா உள்ள துணி மாத்திக்கிட்டு இருந்தா. வெளிய நானும் சுகிர்தாவும் நின்னோம். டாக்டரம்மா படத்த வெளிச்சத்துல பிடிச்சுக் காட்டினாக. தசைநாரு பாதி கிளிஞ்சிருக்கு, ரெண்டு மாசம் அசையக் கூடாது, ஆடினா முளுசாப் போயிரும்னாக. நான் சுகிர்தாகிட்ட, நீ ஒண்ணும் சொல்லாத, பக்குவமா நான் சொல்லிக்கிறேன்னேன். கார்ல ஏறினதும் பாண்டிமீனா கேக்கா, என்ன மேடம் சொன்னாகன்னு. சுளுக்குத்தான் புள்ளன்னேன். சுகிர்தா முன் சீட்டுல இருந்து திரும்பி என்னையப் பாத்தா.

ரெண்டு நாள் பொறுத்துப் பாத்துட்டு வியாளக்கிளம அவளே பாண்டிமீனாகிட்டச் சொல்லிட்டா. பாண்டிமீனா நேரா என்கிட்ட வந்தா, அக்கா இப்பிடிச் சொல்றாளே மேடம்னு. அவளுக்கு எடம் போயிருமோன்னு பயம், அவ பேச்சக் காதுல வாங்காதன்னேன். இப்பிடித்தான் சொன்னேன், இதே ரூம்ல. அதுலதான் பேச்சு நின்னுச்சு ரெண்டு பேருக்கும்.

ஏன்னா. பதினோரு வருசமா என்னையத் தற்காலிகமாவே வச்சிருந்தாக. ஃபைனலுக்குப் போனதும் செக்ரட்டரி கூப்பிட்டு, கப்ப வாங்கிக் குடுங்க, உங்க வேலைய நிரந்தரம் பண்ணிருவோம்னாக. பாண்டிமீனா இல்லாம கப்பு கெடையாதுன்னு எனக்குத் தெரியும். தோத்தோம். ஆனா அந்தப் போட்டோ பேப்பர்ல வந்து காலேஜுக்குப் பேரு கெடச்சிருச்சா, ஜூன் மாசமே நிரந்தரம் பண்ணிட்டாக. எம்புட்டு அசிங்கம் பாருங்க. வேண்டாம்னு சொன்னேனா. சொல்லல. கையெளுத்துப் போட்டேன்.

விசாரணைன்னு சுகிர்தாவ செக்ரட்டரி ரூமுக்குக் கூப்பிட்டப்ப நானும் இருந்தேன். ஏம்மா உக்காந்தன்னு கேட்டாக. அவ என்னையப் பாத்தா. நான் கீள மிதியடியப் பாத்தேன். ஆட மனசு வரல சார்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டா. வராண்டாவுல பின்னாலயே போனேன். ஏன் புள்ள சொல்லலன்னு கேட்டேன். வெக்கங்கெட்டவ நான், கேட்டேன். நீங்களே சொல்லுவீகன்னு நெனச்சேன் மேடம்னா. அதுக்குப் பெறகு அவ என்கிட்டப் பேசினதில்ல.

அந்தச் செல்போன அமத்தாதீக, பதிவாகட்டும். அம்புட்டையும் போடுங்க. செக்ரட்டரி வெட்டச் சொன்னா, என் கையெளுத்தோட தாள்ல எளுதியே குடுக்கேன். வேல போனாப் போகட்டும், அத இனிமே வச்சுக்கிட்டு என்ன.

ஆனா அச்சுல ஏத்துறதுக்கு ஒரு நாள் பொறுங்க தம்பி. பாண்டிமீனா இத மலர்ல படிச்சுத் தெரிஞ்சுக்கக் கூடாது. இன்னமும் தீவாளிக்குத் தீவாளி எனக்குப் போன் பண்ணுவா, உங்களாலதான் மேடம் எனக்கு ஒரு பேரு கெடச்சுச்சுன்னு சொல்லுவா. அவுக கம்பெனி வேன் சாயங்காலம் ஆறு மணிக்கு அச்சங்குளத்துல எறக்கி விட்டுரும். அவ எறங்கும்போது நான் அங்கன நிக்கணும். நீங்க சாத்தூர் வளியாத்தான போறீக, அச்சங்குளம் அந்த வளிதான். பைக்குல பின்னால உக்காந்துக்கிறேன், என்னைய விட்டுட்டுப் போறீகளா.